துக்கமில்லாத வீடு

தடுப்பு முகாம், மணிலா
12 நவம்பர் 1972

அன்புள்ள அக்காவுக்கு,

மழை ஓயும் இந்த மாதத்தில் உன் முழங்கால்கள் உன் சொல்லைக் கேட்கின்றனவா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். நான் நலம். செப்டம்பரில் என்னைப் பிடித்து வந்தவர்கள் இப்போதுதான் கடிதம் எழுத அனுமதித்திருக்கிறார்கள். மாதம் இரண்டு கடிதம்.

ஓர் அறையில் ஆறு பேர் இருக்கிறோம். ஜப்பானியரை எதிர்த்து மலையில் நூற்றுப்பத்துப் பேரை நடத்தியவன், தினமும் காலையில் இருபது வயதுச் சிப்பாய் பெயர் வாசிக்கும்போது "உள்ளேன்" என்கிறேன். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பத்திரிகை ஆசிரியருக்கு இதில் ஒரே சிரிப்பு. "செனட்டர், சபைக்கு நீங்க இவ்வளவு ஒழுங்கா வந்ததே இல்லையே!" என்கிறார். அதிபர் மாளிகையில் இருப்பவர் தானாகப் பதவியிறங்கவே மாட்டார் என்று அந்தச் சபையில் நான் சொன்னேன். அது உண்மை என்று காட்ட, சபையையே பூட்டிவிட்டார்கள்.

கால்கள் மாலையில் வீங்குகின்றன. சிறுநீரகம் என்கிறார் மருத்துவர். உப்பை நிறுத்திவிட்டேன்.

என் மகன் ஃபாபியான் எங்கே என்று தினமும் கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன், உண்மையிலேயே தெரியாது. அவன் தாய் போன பிறகு அவனை வளர்த்தவள் நீ. உனக்குத் தெரிந்திருந்தாலும் எனக்கு எழுதாதே.

உன் தம்பி,
காசியானோ

*

இலோயிலோ
30 நவம்பர் 1972

தம்பி காசியானோவுக்கு,

உன் கால்களைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துப் படுக்கவும். என் முழங்கால்கள் அறுபத்தெட்டு வயதுக்குத் தக்கபடி நடந்துகொள்கின்றன. இதை உனக்கு முன்னால் படிக்கும் லெப்டினன்டுக்கும் உடல்நலம் உண்டாகட்டும். உன் கடிதத்தில் மூன்று வரிகளை அவர் மை பூசி மறைத்திருந்தார். விளக்குக்கு நேரே பிடித்தால் படிக்க முடிகிறது. முப்பத்தைந்து ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இன்னும் நல்ல மையாக வாங்கச் சொல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு நிசப்தமாக இருக்கிறது. குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு, "செனட்டர் ஐயாதான் ஞானத்தந்தையா நிக்கணும்" என்று வாசலில் வரிசை கட்டுவார்களே, ஒருவரும் வருவதில்லை. இருநூறுக்கு மேற்பட்ட ஞானப்பிள்ளைகள் உனக்கு. அத்தனை பேருடைய பெற்றோருக்கும் திடீரென்று வேறு தெரு பிடித்துப்போய்விட்டது. மீன்காரி லூசிங் மட்டும் கூடையை இறக்காமலே நின்று கேட்டாள்: "அம்மா, இந்த வீட்டுக்கு மீன் போட்டா என்னையும் புடிச்சிட்டுப் போவாங்களா?" "மீன் கெட்டுப்போயிருந்தா நானே புடிச்சுக் குடுப்பேன்" என்றேன். இறக்கினாள்.

ஃபாபியானைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கடிதம் எழுதாத வியாதி அவனுக்கு உன் வழியில் வந்தது.

மேனா அக்கா

*

மலைப்பங்கு ஆலயம்
19 ஜனவரி 1973

மதிப்பிற்குரிய பேராசிரியர் அம்மையாருக்கு,

ஆண்டவர் உங்களைத் தாங்குவாராக. உங்கள் பாடத்தில் இரண்டு முறை தோற்றுக் குருமடத்துக்குப் போன செவெரினோ எழுதுகிறேன். இதைக் கொண்டுவருபவர் நம்பிக்கையானவர். படித்தபின் எரித்துவிடுங்கள்.

கடந்த ஞாயிறு, 14ஆம் தேதி, மேலேயுள்ள கிராமத்தில் இராணுவத்துக்கும் மலைப் போராளிகளுக்கும் சண்டை நடந்தது. விழுந்தவர்களைப் பெயர் கேட்காமல் விட்டுவிட்டு இராணுவம் இறங்கிப் போய்விட்டது. அவர்களில் ஒருவரை உழவர்கள் என்னிடம் கொண்டுவந்தார்கள். அது உங்கள் ஃபாபியான். மாலை மூன்று மணி அளவில் உயிர் பிரிந்தது. சாகும் தறுவாயில் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதலைக் கொடுத்தேன். ஆலயத்துக்குப் பின்னால் அடக்கம் செய்திருக்கிறேன். அவன் யார் என்று இங்கே என்னைத் தவிர எவருக்கும் தெரியாது, சுட்டவர்களுக்கும் தெரியாது.

மற்றதை நீங்கள் வரும்போது சொல்கிறேன். செனட்டருக்கு நீங்கள்தான் அறிவிக்க வேண்டும்.

உங்கள் மாணவன்,
அருள்தந்தை செவெரினோ

*

தடுப்பு முகாம், மணிலா
27 ஜனவரி 1973

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாயிருக்கிறாய் என்று நம்புகிறேன். உன்னிடமிருந்து இரண்டு வாரமாகக் கடிதம் இல்லை. என் கால் வீக்கம் இப்போது காலையிலும் வடிவதில்லை. வெளியில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பாவிட்டால் ஆண்டு முடியும்வரை தாங்காது என்று இங்குள்ள மருத்துவர் என்னிடம் சொன்னார். நல்ல மனிதர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். லெப்டினன்டின் கண்ணில் படாமல் இந்தக் கடிதத்தை வெளியே கொண்டுவருபவரும் அவர்தான்.

இப்போது ஒரு விஷயம். இதில் உன் முடிவு எனக்கு வேண்டும்.

ஒனோஃப்ரே பதிங்கா வந்திருந்தான். மலையில் எனக்குக் கீழே சார்ஜெண்டாக இருந்தவன், இன்று ஜெனரல். வந்தவன் உட்காரவில்லை. "கேப்டன், எனக்குப் பேரன் பொறந்திருக்கான். ஈஸ்டருக்கு அப்புறம் ஞானஸ்நானம். நீங்கதான் ஞானத்தந்தையா நின்னு தூக்கணும்" என்றான்.

"என்னைப் பூட்டி வெச்சிருக்கிறதே நீதானேடா" என்றேன்.

"பூட்டத் தெரிஞ்சவனுக்குத் திறக்கவும் தெரியும். நீங்க தூக்கினா நாம கும்பாரே, ஞான உறவுக்காரங்க ஆயிடுவோம். கும்பாரே என் வீட்டு விருந்தாளி அறை­யில தங்கி நல்ல ஆஸ்பத்திரிக்குப் போவாரு. கும்பாரேவோட மகன் பேரு என் பட்டியல்ல இருக்காது. மலையில ஒருத்தனும் அவன்மேல கை வைக்க மாட்டான்."

பதிலுக்கு அவனுக்கு வேண்டியது எனக்குத் தெரியும். எல்லாப் பத்திரிகையிலும் ஒரு படம்: ஜெனரலின் பேரனைக் கையில் ஏந்திய செனட்டர் தமோனான். அந்தப் படத்துக்குப் பிறகு நான் இவர்களுக்கு எதிராக வாய் திறக்க முடியாது. சட்டம் தடுக்காது; உறவு தடுக்கும். நம் ஊரில் கும்பாரேயைப் பற்றிப் பொதுவில் பேசியவனுக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

மறுக்கவும் வழியில்லை. குழந்தையை நீட்டியவனிடம் மாட்டேன் என்றால் குழந்தைக்கு ஆகாது. ஆண்டுத் துக்கம் கழியாத வீட்டுக்காரன் மட்டும்தான் மறுக்கலாம். அவன் தூக்கவே கூடாது. நம் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வதா என்று தெரியாமல் படுத்திருக்கிறேன்.

எனக்காக மட்டும் என்றால் இங்கேயே கிடந்து போய்விடுவேன். ஃபாபியான் இருக்கிறான். நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்வேன்.

உன் தம்பி,
காசியானோ

*

இலோயிலோ
20 பிப்ரவரி 1973

அருள்தந்தை செவெரினோவுக்கு,

நலமா என்று கேட்பது மரபு, கேட்டதாக வைத்துக்கொள்ளவும். உங்கள் கடிதத்தை எரிக்கச் சொன்னீர்கள். பதினொரு முறை படித்த பிறகு எரித்தேன்.

என் தம்பி எழுதியதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு சொல் எழுதினால் போதும், அவன் எவருக்கும் அவமானமில்லாமல் மறுத்துவிடலாம். மறுத்தால் அந்த அறையிலேயே சாவான். எழுதாமல் விட்டால், மண்ணுக்குள் இருப்பவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு தன் பெயரைக் கொடுத்துவிடுவான், ஆனால் பிழைப்பான். மூன்று வாரம் யோசித்தேன். அவன் பிழைக்கட்டும்.

ஆகவே உங்களிடம் இரண்டு கேட்கிறேன். யாரிடமும் சொல்லாதீர்கள். அடக்கப் பதிவேட்டில் அவன் பெயரை எழுதாமல் அந்த வரியை வெறுமையாக விடுங்கள். எவனாவது பதிவேட்டைப் புரட்டி ஜெனரலிடம் சொன்னால் எல்லாம் வீண்.

நான் கறுப்பு உடுத்தவில்லை. போன ஞாயிறு பூசைக்கு நீலப்பூப் போட்ட சட்டையில் போனேன். "இன்னிக்கு என்ன விசேஷம், இவ்வளவு அழகா?" என்று மருந்துக்கடைக்காரர் மனைவி கேட்டாள். "வயசாயிடுச்சு, வேற சட்டை சின்னதாயிடுச்சு" என்றேன்.

என் முடிவு தவறு என்று எழுதப்போகிறீர்கள். எழுதுங்கள். அதனால் அது மாறாது.

ஃபிலமேனா தமோனான்

*

இலோயிலோ
26 பிப்ரவரி 1973

தம்பி காசியானோவுக்கு,

உன் உடல்நிலையை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. தாமதத்துக்குக் காரணம் என் முழங்கால்.

குழந்தையைத் தூக்கு.

படத்தைப் பார்த்துப் பேசுகிறவர்கள் பேசட்டும்; உனக்குக் கால் வீங்கியபோது அவர்கள் வந்து பிடித்துவிடவில்லை. செனட்டர் தமோனானின் பெயர் நாட்டுக்கு எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியாது. எனக்கு இருப்பது ஒரு தம்பி.

வீட்டில் எல்லாம் முன்போலவே இருக்கிறது.

மேனா அக்கா

*

மலைப்பங்கு ஆலயம்
15 மார்ச் 1973

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

ஆண்டவரின் அமைதி உங்களோடு இருப்பதாக. நீங்கள் எதிர்பார்த்தபடியே எழுதுகிறேன்: தவறு. தன் மகனுக்காக அழுவது ஒரு தகப்பனின் உரிமை. அதை நீங்கள் அவரிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டீர்கள்.

ஆனால் நான் உங்கள் மாணவன். பதிவேட்டில் அந்த வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன். இறந்தவர்களுக்கான ஒன்பது நாள் ஜெபத்தைத் தனியாகச் சொல்லி முடித்தேன். பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் இருமினேன். ஜன்னலுக்கு வெளியே ஆள் நடமாட்டம் இருந்தது.

அருள்தந்தை செவெரினோ

*

ஜெனரல் பதிங்கா இல்லம், மணிலா
5 மே 1973

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் உன் முழங்கால்களும் நலந்தானே? நான் உண்மையிலேயே தேறிவருகிறேன். மருத்துவமனையில் பதினெட்டு நாள் இருந்தேன். செருப்பு மறுபடியும் காலில் நுழைகிறது.

ஏப்ரல் 29 அன்று தூக்கினேன். படத்தை நீயும் பார்த்திருப்பாய். ஐந்து கேமராக்காரர்கள் இருந்தார்கள். தலையில் தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டு என் சட்டையை நனைத்துவிட்டான். ஒனோஃப்ரேயின் மனைவி, எல்லாரும் மரியாதையாகத் தோன்யா என்று அழைக்கும் கோன்சுவேலோ, பாய்ந்து வந்து, "அதிர்ஷ்டம் கும்பாரே, அதிர்ஷ்டம்! ஞானத்தந்தையை நனைக்கிற புள்ள நூறு வயசு வாழும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன்; படத்தில் இருக்கிறது.

முகாமில் விட்டுவந்த பத்திரிகை ஆசிரியர் நான் கிளம்பும்போது கையெழுத்து வாங்கும் சிப்பாயிடம், "செனட்டர் இன்னியிலேர்ந்து லீவு, குறிச்சுக்க" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. அதைத் தாங்கிக்கொள்ள முடிகிறது, ஏனென்றால் ஃபாபியானின் பெயரைப் பட்டியலில் அடித்ததை ஒனோஃப்ரே என் கண்முன் காட்டினான். சிவப்பு மையில் ஒரு கோடு.

ஆகவே அக்கா, எந்த வழியாகவாவது அவனுக்குச் சொல்லியனுப்பு. இறங்கி வரச் சொல். என்னைத் திட்டட்டும், கோழை என்று சொல்லட்டும், என் எதிரே நின்று சொல்லட்டும். இந்த அறையில் இன்னொரு கட்டில் போடச் சொல்லியிருக்கிறேன்.

உன் தம்பி,
காசியானோ

*

இலோயிலோ
4 ஜூன் 1973

தம்பி காசியானோவுக்கு,

இதை என் பழைய கல்லூரிக் கன்னியர் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் இருக்கும்போதே படி.

உட்கார்ந்துகொள். ஃபாபியான் ஜனவரி 14 அன்று மலையில் சுடப்பட்டு இறந்தான். அருள்தந்தை செவெரினோவின் ஆலயத்துக்குப் பின்னால் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறான். எனக்கு ஜனவரியிலேயே தெரியும். நீ என்னிடம் யோசனை கேட்டபோது எனக்குத் தெரியும். "குழந்தையைத் தூக்கு" என்று எழுதியபோது தெரியும். ஒனோஃப்ரேவுக்குத் தெரியாது, அந்த ஒன்றில் மட்டும் அவன் உன்னை ஏமாற்றவில்லை. நான்தான் ஏமாற்றினேன்.

இன்னும் சில மாதம் மறைத்திருப்பேன். நீ கட்டில் போட்டிருக்காவிட்டால்.

மன்னிப்புக் கேட்கவில்லை. மறுபடியும் அதே நிலை வந்தால் அதையே செய்வேன். மருந்தை நிறுத்தாதே.

மேனா

*

ஜெனரல் பதிங்கா இல்லம், மணிலா
20 ஜூன் 1973

பேராசிரியர் தமோனான் அவர்களுக்கு,

உங்கள் நலத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீங்கள் படித்தவர். நான் படிக்காதவள், ஜெனரலின் மனைவி. இருந்தாலும் எனக்குத் தெரிந்த ஒன்று உங்களுக்குத் தெரியாமல் போயிற்றா? துக்கம் கழியாத மனிதனின் கையில் என் பேரனைக் கொடுக்க விட்டீர்களே!

உங்கள் தம்பி ஒரு வாரம் அறையை விட்டு வெளியே வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்தோம். பிறகு தோட்டக்காரனிடம் கறுப்புத் துணி வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். ஞாயிறு பூசைக்கு நாங்கள் காரில் ஏறும்போது, தலையிலிருந்து கால்வரை கறுப்பில் வந்து நின்றார். "என்ன கும்பாரே இது?" என்று கேட்டேன். "பூசைக்கு நேரமாச்சு, தோன்யா" என்று மட்டும் சொன்னார். கோவிலில் முதல் வரிசை. மந்திரிகள், அதிகாரிகள், அவர்கள் மனைவிமார். கறுப்பில் நிற்கிறவரிடம் வந்து கையைப் பிடிக்காமல் யாராவது போக முடியுமா?

"செனட்டர், யாரு தவறிட்டாங்க?"

"என் ஒரே மகன்."

"ஐயோ, எப்போ?"

"ஜனவரி பதினாலு. மலையில. சிப்பாய்ங்க சுட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னார். என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மாளிகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. கேட்டவர்கள் ஒவ்வொருவரும் விரல் விட்டு எண்ணினார்கள்: ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். எண்ணி முடித்துவிட்டு என் கணவரைப் பார்த்தார்கள். மகனைக் கொன்றவர்களே அப்பனைப் பிடித்துத் தங்கள் பேரனைத் தூக்க வைத்தார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. தெரியாது என்று என் கணவர் யாரிடம் போய்ச் சொல்வார்? சொன்னால், தன் ஆட்கள் யாரைச் சுடுகிறார்கள் என்றே தெரியாத ஜெனரலா என்பார்கள்.

மாளிகையிலிருந்து அன்று பிற்பகலே தொலைபேசி வந்தது. அவரை அழைத்துப் போய்விட்டார்கள். என் கணவரால் தடுக்க முடியவில்லை. போகும்போது தொட்டில் பக்கத்தில் நின்றார். தூக்கவில்லை. "இவனுக்கு ஒண்ணும் ஆகாது, தோன்யா. தெரியாமத்தான் தூக்கினேன்" என்றார்.

நான் ஒரு தாய். உங்கள் வீட்டுச் சாவுக்காக அழுதேன். உங்களை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

கோன்சுவேலோ பதிங்கா

*

வேறொரு முகாம், பெயர் எழுத அனுமதியில்லை
9 ஜூலை 1973

அக்காவுக்கு,

உன் நலத்தைக் கேட்க இரண்டு முறை எழுதி அடித்துவிட்டேன். கோபம் அதற்கு இடம் தரவில்லை. கோபம் போகும் என்று நினைக்கிறேன். அதுவரை நான் இருப்பேனா என்பது வேறு விஷயம். இங்கே தனி அறை. நலமாக இருக்கிறேன்.

என் ஞானமகனுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். அவன் தாத்தா யாராக இருந்தாலும் அந்த உறவு போகாது.

அவன் எப்படிச் செத்தான் என்று எழுது. முழுவதும். எனக்காக எதையும் குறைக்காதே. அந்த வேலையை நீ போதுமான அளவு செய்துவிட்டாய்.

காசியானோ

*

இலோயிலோ
2 ஆகஸ்ட் 1973

தம்பி காசியானோவுக்கு,

என் முழங்கால்கள் மலை ஏறி இறங்கின. ஜூன் கடைசியில் நானே போய் வந்தேன். கறுப்பில்தான் போனேன், இப்போது மறைக்க என்ன இருக்கிறது? அருள்தந்தை பதிவேட்டைத் திறந்து, அந்த வரியில் என் முன்னால் பெயரை எழுதினார். ஃபாபியான் தமோனான், வயது இருபத்திரண்டு.

திரும்பி வந்தால் வாசலில் நாற்பது பேர். உன் படத்தைப் பார்த்துவிட்டு என் வேலியில் எச்சில் துப்பிய தையல்காரனும் இருந்தான். ஒன்பது நாள் ஜெபம் சொல்ல வந்திருக்கிறோம் என்றார்கள். "அஞ்சு மாசம் லேட்டு" என்றேன். "எங்களுக்கு இப்பத்தானே தெரியும், அம்மா" என்றாள் லூசிங். உள்ளே விட்டேன். ஒன்பது நாளும் அவர்களுக்குத் துவரையும் பலாக்காயும் பன்றிக்கறியும் போட்டுக் குழம்பு வைத்து மாளவில்லை. செனட்டர் கோவிலில் சொன்ன மூன்று வரிகளை ஜெபத்துக்கு நடுவே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

உனக்குப் பெருமையாக இருக்கலாம். எனக்கு இல்லை. நான் உன்னை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தேன். நீ இரண்டே மாதத்தில் திரும்பிப் போய்விட்டாய். ஒரு தகப்பனாக நீ செய்தது சரி என்று அருள்தந்தை சொல்கிறார். நான் அவனுக்கு அத்தை, உனக்கு அக்கா. இருவரில் ஒருவரையாவது மிச்சம் வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

நீ கேட்டதை எழுதுகிறேன். அருள்தந்தை சொன்னபடி, கூட்டவில்லை, குறைக்கவில்லை.

வயிற்றில் காயம். காலை ஏழு மணிக்கு எருமை இழுக்கும் சறுக்குப் பலகையில் கொண்டுவந்தார்கள். மாலை மூன்றுவரை உயிர் இருந்தது. எட்டு மணி நேரம். வலி இருந்தது, கத்தினான். தண்ணீர் கேட்டான். வயிற்றுக் காயத்துக்குத் தண்ணீர் ஆகாது என்று அருள்தந்தை துணியை நனைத்து உதட்டில் வைத்தார். ஒரு மணிக்கு மேல் அவனுக்குக் கண் தெரியவில்லை. அருள்தந்தையின் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா, எப்ப விட்டாங்க உங்களை?" என்று கேட்டிருக்கிறான்.

"இன்னிக்குத்தான்டா" என்றாராம் அவர்.

"அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியும். சமைச்சிக்கிட்டிருக்காங்க."

"அப்ப சரி" என்றான். அதற்குப் பிறகு பேசவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவே. இதற்குமேல் உன்னிடம் நான் மறைப்பது எதுவும் இல்லை.

உன் கால் வீக்கம் கணுக்கால்வரையா, முழங்கால்வரையா என்று எழுது. சிறுநீர் ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எழுது. திட்ட வேண்டுமானால் திட்டி எழுது. நலம் என்று மட்டும் எழுதாதே.

மேனா அக்கா